மல்லாட்டை தின்னும் ஊருக்கு மணிலாச் சமையல் அந்நியமா?

விழுப்புரம் சந்திப்பில் ரயில் வந்து நிற்கிறது. இடுப்பில் கூடையோடு ஒரு அம்மாள் ஓடி வருகிறார்.

"மல்லாட்டை! அவிச்ச மல்லாட்டை!"

வெளியூர்ப் பயணி ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்.

"மல்லாட்டையா? அப்படி என்றால் என்னம்மா?"

"வேர்க்கடலைதாங்க. எங்க ஊருல மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம்."

பயணி வாங்கித் தின்கிறார். ரயில் புறப்படுகிறது. கூடைக்கார அம்மாள் சொன்ன அந்தச் சொல்லுக்குள் ஒரு கடல் கடந்த கதை இருக்கிறது. அது அவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது.

மணிலாக்கொட்டை என்பதுதான் மல்லாக்கொட்டை ஆயிற்று. மல்லாக்கொட்டை பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. இன்றும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து விவசாயிகள் "மணிலா போட்டிருக்கிறேன்" என்பார்கள். விற்பனைக் கூடத்திலும் "மணிலா" என்றே மூட்டைக்குப் பெயர்.

மணிலா எது? பிலிப்பைன் நாட்டின் தலைநகரம்!

ஆக, இந்தப் பக்கத்து மக்கள் தினமும் மணிலாவின் பெயரைச் சொல்லித்தான் கொறிக்கிறார்கள். ஆனால், "மணிலாக்காரர் சாப்பாடு சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். இது சரியா?

தாயின் கவலை

தமிழ்நாட்டிலிருந்து பிலிப்பைன் நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் பலர். அந்த நாட்டின் தெற்கே உள்ள டாவோ நகரத்தில் தமிழ்ப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். சிறு நகரங்களிலிருந்தும், கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் உண்டு.

அப்படி அனுப்பும் வீட்டில் முதலில் எழும் கேள்வி படிப்பைப் பற்றியது அல்ல. சோற்றைப் பற்றியது.

"அங்க என்னம்மா சாப்பிடுவே? பாம்பு, பல்லி எல்லாம் தின்பாங்களாமே!"

"இல்லம்மா. அங்கேயும் சோறுதான்."

"சோறு இருந்தா போதுமா? கொழம்புக்கு எங்க போவே?"

தாய்க்கு மனம் ஆறுவதில்லை. பெட்டியில் பாதி இடத்தைப் பருப்புப் பொடியும், புளிக்காய்ச்சலும், ஊறுகாயும் அடைத்துக் கொள்ளுகின்றன. இரண்டு மாதத்தில் அவை தீர்ந்துவிடும். பிறகு பிள்ளை என்ன செய்யும்? அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடப் பயம். சமைக்கவும் தெரியாது. பாக்கெட் நூடுல்சை வெந்நீரில் போட்டுத் தின்றே காலம் தள்ளும். வயிறு கெடும், உடம்பு இளைக்கும்.

இந்தத் துன்பம் தேவையே இல்லை. பிலிப்பைன் நாட்டுச் சமையலில் பெரும் பகுதி அரிசி, தேங்காய், புளி, வெல்லம், வாழையிலை, மீன் ஆகியவற்றால் ஆனது. இவை எல்லாம் விழுப்புரம் சந்தையில் கிடைப்பவை. ஆகவே பிள்ளையை அனுப்பும் முன்பே அந்த நாட்டுப் பலகாரங்களை வீட்டில் செய்து பழக்க வேண்டும். பிள்ளையை அனுப்பாத வீடுகளும் செய்து பார்க்கலாம். பிடித்துப்போனால் லாபம்தானே!

சோறு தின்னும் நாடு

பிலிப்பைன் நாடு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளால் ஆனது. அங்கே காலையிலும் சோறு, மதியமும் சோறு, இரவும் சோறு. முதல் நாள் மிஞ்சிய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கிக் காலையில் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் பழைய சோறு. அங்கே பூண்டுச் சோறு.

நெல்லிலேயே ஓர் உறவு உண்டு. 1960-ல் பிலிப்பைன் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1966-ல் அங்கிருந்து வந்த நெல்தான் ஐ.ஆர்.8. பிறகு வந்த ஐ.ஆர்.20, ஐ.ஆர்.50 ஆகியவையும் அந்த நிலையத்து நெல்லே. தமிழ்நாட்டு வயல்களில் இவற்றை நட்டு அறுத்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழரான எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

அவர்கள் ஊர் நெல்லை நட்டோம், பொங்கித் தின்றோம். அவர்கள் குழம்பை மட்டும் ஒதுக்குவதில் என்ன நியாயம்?

புளியின் பெயரில் இரண்டு ஊர்கள்

திண்டிவனம் என்றால் என்ன பொருள்? திந்திரிணி என்பது புளிய மரத்துக்கு வடமொழிப் பெயர். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, திண்டிவனம் ஆயிற்று. அந்த ஊர்ச் சிவன் கோவிலில் சுவாமிக்குத் திந்திரிணீசுவரர் என்று பெயர்.

மணிலா நகரத்தில் சம்பாலோக் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்நாட்டு மொழியில் சம்பாலோக் என்றால் புளி! 1611-ல் தொடங்கிய புகழ் பெற்ற சாந்தோ தோமாஸ் பல்கலைக் கழகம் இப்போது இருப்பது அந்தப் பகுதியில்தான். ஆக, இங்கே ஒரு புளியங்காடு. அங்கே ஒரு புளியந்தோப்பு!

புளியின் பெயரை ஊருக்கு வைத்தவர்கள் புளிக்குழம்பு வைக்காமல் இருப்பார்களா? அவர்கள் வைக்கும் புளிக்குழம்புக்குச் சினிகாங் என்று பெயர். திண்டிவனத்துக் குடும்பங்கள் முதலில் செய்ய வேண்டிய பண்டம் இதுவே.

செய்முறை மிகவும் எளிது. ஆறு டம்ளர் தண்ணீரில் ஒரு பெரிய வெங்காயம், இரண்டு தக்காளி ஆகியவற்றை நறுக்கிப் போட்டுக் கொதிக்க விடவும். முள்ளங்கி, கத்தரிக்காய், காராமணிக்காய், வெண்டைக்காய் ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாக நறுக்கிப் போடவும். எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்றவும். இரண்டு பச்சை மிளகாயை முழுதாகவே போடவும். காய் வெந்ததும் கழுவிய மீன் துண்டுகளைப் போடவும். மீன் வெந்ததும் ஒரு பிடி கீரையைப் போட்டு, உப்புச் சரி பார்த்து இறக்கவும்.

மிளகாய்த் தூள் இல்லை. மல்லித் தூள் இல்லை. தாளிப்பும் இல்லை!

"இது என்ன குழம்பு? காரமே இல்லையே!" என்று வீட்டு ஆண்கள் சொல்லக் கூடும். சொல்லட்டும். இரண்டாம் வாய்ச் சோற்றில் மீனின் ருசியும் புளியின் ருசியும் தனித்தனியே தெரியும். மசாலா போடாததால் மீன் புதிதாக இருக்க வேண்டும். மரக்காணத்துக் கடலிலிருந்து வரும் மீன் கிடைத்தால் மிக நல்லது. சைவக் குடும்பத்தார் மீனை விட்டுவிட்டுக் காய்களை மட்டும் போடலாம். காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கு ரசம் கொடுப்பதைப் போல இதையும் கொடுக்கலாம்.

மணிலாவில் மணிலாக் குழம்பு

நிலக்கடலை பிறந்த இடம் தென் அமெரிக்கா. 1565 முதல் 1815 வரை ஸ்பானியர் மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே பாய்க்கப்பல் விட்டார்கள். அமெரிக்கப் பயிர்கள் பலவும் அந்த வழியே ஆசியாவுக்கு வந்தன. நம் பக்கத்துக்கு நிலக்கடலை மணிலாவின் பெயரைச் சுமந்து வந்து சேர்ந்தது. இங்கே அது நன்றாக வேரூன்றியது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துக்கள்.

நாம் கடலையை வறுப்போம், அவிப்போம், சட்னி அரைப்போம், மிட்டாய் செய்வோம். மணிலாக்காரர் கடலையில் குழம்பு வைக்கிறார்கள். அதற்குக் காரே-காரே என்று பெயர். தெருவில் அவித்த கடலை விற்கும் வழக்கமும் அங்கே உண்டு. கடலைக்கு அவர்கள் மொழியில் "மானி" என்று பெயர்.

காரே-காரேயை அவர்கள் மாட்டு வாலும் குடலும் போட்டுச் செய்வார்கள். அது வேண்டாதவர்கள் காய்கறியில் செய்யலாம்.

ஒரு டம்ளர் மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி நைசாக அரைக்கவும். இரண்டு கரண்டி அரிசியைச் சிவக்க வறுத்துப் பொடி செய்யவும். எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, தண்ணீர் ஊற்றி, கத்தரிக்காய், காராமணிக்காய், வாழைப்பூ ஆகியவற்றை வேக விடவும். வெந்ததும் கடலை விழுதையும், அரிசிப் பொடியையும் கரைத்து ஊற்றவும். குழம்பு கெட்டியாகும். நிறத்துக்காக அவர்கள் ஒரு சிவப்பு விதையைச் சேர்ப்பார்கள். நமக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போதும்.

இதற்கு அவர்கள் தொட்டுக்கொள்வது உப்பிட்டுப் புளிக்க வைத்த இறால் விழுது. அதன் வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. அதற்குப் பதில் மாங்காய் ஊறுகாய் வைத்துக்கொண்டால் குழம்பு நன்றாக இறங்கும். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதைத் தொடக் கூடாது.

சிப்பாய்கள் போன கதை

காரே-காரே என்ற பெயரைக் கேட்டதும் "கறி" என்ற சொல் நினைவுக்கு வருகிறது அல்லவா? அதற்கு ஒரு கதை சொல்வார்கள்.

1762-ம் ஆண்டு. ஆங்கிலேயருக்கும் ஸ்பானியருக்கும் சண்டை. மதராசிலிருந்து ஆங்கிலேயரின் கப்பல் படை புறப்பட்டது. அந்தப் படையில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களோடு இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். படை மணிலாவைத் தாக்கியது. அக்டோபர் மாதம் நகரம் வீழ்ந்தது. 1764-ல் ஆங்கிலேயர் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறவில்லை! மணிலாவுக்கு அருகில் கயிந்தா என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்கள் வழி வந்த குடும்பங்கள் பற்றி அந்த ஊரில் இன்றும் பேசுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பாத அந்தச் சிப்பாய்களுக்கு வீட்டுக் கறி நினைவு வந்திருக்கும். மிளகாயும் மல்லியும் கிடைத்திராது. கிடைத்ததைப் போட்டுக் கறி வைத்தார்கள். அதுவே காரே-காரே ஆயிற்று என்பது கதை. வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. கதை எப்படியானாலும் ஒன்று நிச்சயம். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போனவர்கள் இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாட்டுச் சோற்றைத் தின்று வாழ்ந்தார்கள். இன்று விமானத்தில் போகும் பிள்ளைகளால் முடியாதா?

மூங்கில் புட்டும் வாழையிலை அப்பமும்

இனி இனிப்புக்கு வருவோம். இதில்தான் இரண்டு நாடுகளும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கின்றன.

அரிசி இனிப்புகளுக்கு அவர்கள் மொழியில் ககானின் என்று பெயர். கானின் என்றால் சோறு. சோற்றிலிருந்து பிறந்தது ககானின்.

புத்தோ என்பது ஆவியில் வெந்த அரிசிப் பலகாரம். ஊற வைத்த அரிசியை அரைத்துப் புளிக்க வைத்து வேக வைப்பது பழைய முறை. பார்ப்பதற்குக் குட்டி இட்லி. தின்றால் லேசான இனிப்பு. மேலே தேங்காய்த் துருவல். இந்தப் பெயர் நம் புட்டிலிருந்து மலாய் நாட்டு வழியாகப் போனது என்று சொல்பவர்கள் உண்டு. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்லும் மங்கா என்ற பெயரும் நம் மாங்காய்தான். மலாய் வழியாகவே அங்கே போயிற்று.

புத்தோ பும்போங் என்று இன்னொன்று உண்டு. பும்போங் என்றால் மூங்கில் குழாய். கருஞ்சிவப்பு அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேக வைப்பார்கள். குழாய்ப் புட்டேதான்! மேலே வெண்ணெய், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை. கிறிஸ்துமசுக்கு முன் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலையில் கோவிலுக்குப் போவது அவர்கள் வழக்கம். பூசை முடிந்து வெளியே வந்தால் குளிரில் ஆவி பறக்க இதை விற்பார்கள். மார்கழி விடியற்காலையில் நம் கோவில்களில் கிடைக்கும் சூடான வெண்பொங்கல் நினைவுக்கு வருகிறதா?

அதே வாசலில் விற்கும் இன்னொரு பலகாரம் பிபிங்கா. மண் சட்டியில் வாழையிலை விரித்து, அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து ஊற்றி, கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு வைத்துச் சுடுவார்கள். வாழையிலை கருகும் வாசனை அப்பத்தில் ஏறும். மேலே உப்பிட்ட வாத்து முட்டை வைப்பார்கள். இனிப்போடு உப்பு! முதலில் விநோதமாகத் தோன்றும். வெல்லப் பாகில் ஒரு கல் உப்புப் போடும் பாட்டிமார்களுக்கு இதன் ரகசியம் புரியும்.

கொழுக்கட்டைக்கு அக்கா தங்கைகள்

பலித்தாவ் என்ற பலகாரத்தைச் சிறுவர்களை வைத்துக்கொண்டே செய்யலாம். ஒட்டும் அரிசி மாவில் தண்ணீர் விட்டுப் பிசையவும். சிறு உருண்டை செய்து, நாக்கு வடிவில் தட்டவும். கொதிக்கும் நீரில் போடவும். முதலில் அடியில் போகும். வெந்ததும் தானே மேலே மிதக்கும். பலித்தாவ் என்ற பெயரே மிதப்பதைக் குறிப்பதுதான். மிதந்ததும் எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டி, சர்க்கரையும் வறுத்த எள்ளும் தூவவும். ஆயிற்று!

ஒட்டும் அரிசி கிடைக்காவிட்டால் கொழுக்கட்டை மாவிலேயே செய்யலாம். வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும். ஒட்டும் தன்மை குறையும், ருசி குறையாது. கவுனி அரிசி கிடைத்தால் இன்னும் விசேஷம்.

தேங்காய்ப்பாலில் அரிசி உருண்டை, ஜவ்வரிசி, பலாச்சுளை, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் கொதிக்க வைப்பது இன்னொரு பண்டம். அதற்குக் கினத்தான் என்று பெயர். இது பால் கொழுக்கட்டைதான். கூட நாலு பொருள் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. பண்ருட்டிப் பலாப்பழக் காலத்தில் விழுப்புரம் வீடுகளில் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். எல்லா இனிப்புகளிலும் தமிழ் நாக்குக்கு மிக நெருங்கியது இதுவே.

பிக்கோ என்பது அவர்களுடைய சர்க்கரைப் பொங்கல். பருப்பு இல்லை, நெய் இல்லை. ஒட்டும் அரிசி, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை மூன்றே பொருள்கள். தேங்காய்ப்பாலை வற்றக் காய்ச்சினால் எண்ணெய் பிரிந்து, அடியில் பழுப்பாகக் கசடு நிற்கும். அந்தக் கசடை எடுத்துப் பொங்கலின் மேல் தூவுவார்கள். முந்திரிப்பருப்பு வாங்க முடியாத வீட்டுக்கு இது நல்ல யோசனை!

சூமன் என்பது அரிசியைத் தேங்காய்ப்பாலில் சமைத்து, வாழையிலையில் அல்லது ஓலையில் சுற்றி அவிப்பது. மாம்பழத் துண்டோடு தின்பார்கள். இலையைப் பிரித்ததும் வரும் வாசனைக்கே பாதி வயிறு நிறையும்.

ஒரே எச்சரிக்கை. இவை எல்லாவற்றிலும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் அதிகம். சர்க்கரை வியாதிக்காரர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெயிலுக்கு ஒன்று, தனியே இருப்பவருக்கு ஒன்று

சித்திரை வெயிலில் செய்து பார்க்க ஹாலோ-ஹாலோ உண்டு. ஹாலோ என்றால் கலப்பது. உயரமான டம்ளரில் இனிப்பில் வேக வைத்த பயறு, கொண்டைக் கடலை, ஜவ்வரிசி, பலாச்சுளை, வாழைப்பழம் போட்டு, சீவிய ஐஸ் நிரப்பி, சுண்டிய பால் ஊற்றுவார்கள். கரண்டியால் கலந்து குடிக்க வேண்டும். பயறா, பாலில் ஐஸா என்று மலைக்க வேண்டாம். மதுரை ஜிகர்தண்டாவையும் முதலில் பார்த்தவர்கள் மலைத்தார்கள்! ஐஸை மட்டும் சுத்தமான தண்ணீரில் வீட்டிலேயே உறைய வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் தனியே இருக்கும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது அடோபோ. கோழித் துண்டுகளைக் காடி, சோயாச் சாறு, நிறையப் பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை போட்டு மெதுவாக வேக வைத்து வற்ற விடுவதுதான் அடோபோ. ஒரே பாத்திரம். அரைக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். காடி இருப்பதால் சீக்கிரம் கெடாது. ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்தால் இரண்டு, மூன்று வேளைக்குச் சோறு இறங்கும். பாக்கெட் நூடுல்சுக்கு இது எவ்வளவோ மேல்.

எதை ஒதுக்கலாம்?

எல்லாவற்றையும் தின்றே தீர வேண்டும் என்பது இல்லை. பாலூட் என்று ஒன்று உண்டு. குஞ்சு உருவான வாத்து முட்டையை அவித்துத் தின்பது. தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் தொட மாட்டார்கள். தொட வேண்டியதும் இல்லை. பன்றி ரத்தத்தில் செய்யும் குழம்பும் அப்படியே.

ஆனால் "சீ!" என்று சொல்லக் கூடாது. நம் ஊரில் ஆட்டு ரத்தம் பொரிக்கிறார்கள். குடல் குழம்பு வைக்கிறார்கள். அதை மற்றவர் சீ என்றால் நமக்கு எப்படி இருக்கும்? "எனக்குப் பழக்கம் இல்லை" என்று சொன்னால் போதும். மரியாதை கெடாது.

சைவப் பிள்ளைகளும், சில இறைச்சிகளை விலக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் சில சொற்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பாபோய் என்றால் பன்றி. பாக்கா என்றால் மாடு. மனோக் என்றால் கோழி. இஸ்தா என்றால் மீன். ஹிப்போன் என்றால் இறால். குலாய் என்றால் காய்கறி. இந்த ஆறு சொற்களும் அங்கே பெரிய துணை. பத்தீஸ் என்ற மீன் சாற்றை உப்புக்குப் பதிலாக ஊற்றும் வழக்கமும் உண்டு. காய்கறிக் குழம்பு என்று சொன்னாலும் அது கலந்திருக்கலாம். கேட்டுச் சாப்பிட வேண்டும். முழுச் சைவர்களுக்குத் தம் கையால் சமைப்பதே பாதுகாப்பு.

"நம் சோறு போதாதா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. "இட்லியும் சாம்பாரும் இருக்க, மணிலாக்காரன் பலகாரம் எதற்கு?" என்பார்கள்.

இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் என்ன தின்கிறார்கள்? பாக்கெட் சிப்ஸ், கிரீம் கேக், நூடுல்ஸ்! அவற்றை அந்நியம் என்று யாரும் ஒதுக்கவில்லை. விளம்பரம் வந்ததும் வாங்கிவிட்டார்கள். அரிசியும் தேங்காயும் வெல்லமும் கலந்த பலகாரத்துக்கு விளம்பரம் இல்லை. ஆகவே அது அந்நியம்!

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பால் கொழுக்கட்டை செய்யத் தெரிந்த மருமகள்கள் எத்தனை பேர்? மூங்கில் குழாயில் புட்டு அவிக்கும் வீடுகள் எத்தனை? பிலிப்பைன் நாட்டில் இவற்றை அன்றாடம் தெருவில் விற்கிறார்கள். அவர்கள் பலகாரத்தைச் செய்து பார்க்கும் வீட்டில் மறந்துபோன நம் பலகாரமும் திரும்பி வரும். பலித்தாவ் மிதப்பதைப் பார்க்கும் சிறுமி, "பாட்டி, நம்ம ஊருல இந்த மாதிரி இல்லையா?" என்று கேட்பாள். பாட்டி அடுத்த நாளே கொழுக்கட்டைக்கு அரிசி ஊற வைப்பார்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை

ஆகவே தாய்மார்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கட்டும். மதியம் சோற்றோடு சினிகாங். மாலையில் பலித்தாவ். கடையில் புதிதாக வாங்க வேண்டியது எதுவும் இல்லை. பிடித்திருந்தால் அடுத்த வாரம் மல்லாட்டைக் குழம்பும் கினத்தானும் செய்யலாம்.

வெளிநாடு போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், சட்டிக்கு முன்னால் அந்தப் பிள்ளையையே நிறுத்த வேண்டும். மகனானாலும் சரி, மகளானாலும் சரி. புளி கரைக்கட்டும், மீன் கழுவட்டும், உப்புப் பார்க்கட்டும். பெட்டியில் வைக்கும் ஊறுகாய் இரண்டு மாதத்தில் தீரும். கையில் ஏறிய சமையல் ஆயுளுக்கும் தீராது.

பிறகு ஒரு நாள் டாவோவிலிருந்து தொலைபேசி வரும்.

"என்னம்மா சாப்பிட்டே?"

"சினிகாங்மா. பக்கத்து ரூம் பிள்ளைங்க செஞ்சாங்க. நம்ம வீட்டுல செஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு. நான் பலித்தாவ் செஞ்சு கொடுத்தேன்."

அன்று இரவு அந்தத் தாய் நிம்மதியாகத் தூங்குவாள்.